மாட்டுச் சாணத்திலிருந்து துணி: மலையகத்தில் கையால் ஆகக்கூடியது எது?

இலங்கை மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பத்துப் பன்னிரண்டு மாடுகள் வைத்திருக்கும் பெண்கள் குழுவொன்று கேட்ட கேள்விக்கான பதில் இது. வெளிநாட்டில் சாணத்திலிருந்து துணி செய்கிறார்களாம். நாங்களும் செய்யலாமா, என்ன இயந்திரம் வேண்டும், விற்குமா என்று கேட்டிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் சம்பளத்தோடு இன்னொரு வருமானம் வேண்டும், பட்டிக்குப் பின்னால் ஓடையில் கலக்கும் சாணத்துக்கும் ஒரு வழி பிறக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

நேரடியாகச் சொன்னால், சாணத்திலிருந்து நூல் எடுப்பது தோட்டத்தில் வைத்துச் செய்கிற வேலையல்ல. சாணத்தைக் கொண்டு பருத்தித் துணியில் சாயத்தை நிற்க வைப்பது செய்யக்கூடிய வேலை. அது பழைய கைத்தொழில், இயந்திரம் தேவையில்லை, கைவேலைக்குரிய விலையும் கேட்கலாம். இந்தப் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

நூல் எடுக்கும் கதையை முதலில் முடித்துவிடுவோம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஜலீலா எஸ்ஸாய்டி மாட்டெருவிலிருந்து செலுலோசை, அதாவது செடிநாரின் அடிப்படைப் பொருளைப் பிரித்து, அதிலிருந்து துணி செய்து காட்டியவர். 2017இல் எச் அண்ட் எம் அறக்கட்டளையின் குளோபல் சேஞ்ச் விருது பெற்ற ஐந்து முயற்சிகளில் அவருடையதும் ஒன்று. ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். பச்சைச் சாணத்தில் நூற்றுக்குச் சுமார் எண்பது பங்கு தண்ணீர். 10 கிலோ சாணத்தைக் காயவைத்தால் 2 கிலோதான் மிஞ்சும். அதில் செலுலோஸ் ஏறக்குறைய கால்பங்கு, அதாவது அரைக் கிலோ. நூலுக்கு ஏற்ற அளவு சுத்தப்படுத்தும்போது அதிலும் ஒரு பகுதி போய்விடும். மாட்டின் வயிற்றில் அரைபட்டு வந்த நார் மிகக் குட்டையானது, அப்படியே நூற்க முடியாது. கரைத்து, துளை வழியே பிழிந்து, புதிய இழையாக்க வேண்டும். விஸ்கோஸ் முறையில் அதற்குக் கொஸ்டிக் சோடா, காபன் இருசல்பைட்டு, சல்பூரிக் அமிலம் மூன்றும் வேண்டும். காபன் இருசல்பைட்டு எளிதில் தீப்பற்றும். அதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்புகள் கெடும். மூடிய தொட்டியும் ஆவியை மீட்கும் ஏற்பாடும் உள்ள தொழிற்சாலையில் மட்டுமே அதைத் தொடலாம். லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில் யாராவது "சிறு அளவில் செய்து தருகிறோம்" என்று வந்தால் மறுத்துவிடுங்கள்.

இனி ஆகக்கூடிய வேலை.

பருத்திக்கும் செடிச்சாயத்துக்கும் இயல்பான ஒட்டுதல் கிடையாது. நடுவில் ஒரு உலோக உப்பு வேண்டும்; பெரும்பாலும் படிகாரத்திலிருந்து வரும் அலுமினியம், கறுப்புக்கு இரும்பு. அந்த உப்பை இழையில் ஏற்றிய பிறகு கரையாத நிலைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்த வேண்டும். ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கும் மிச்சத்தைக் கழுவி எடுக்க வேண்டும். துணியைச் சாணம் கரைத்த சுடுநீரில் முக்கியெடுக்கும் சாணக் குளியல் செய்வது இந்த இரண்டையும்தான். சாணத்திலுள்ள பொஸ்பேற்று அலுமினியத்தைக் கரையாததாக்கி இழையிலேயே இருத்துகிறது. அதன் பசைத்தன்மையான பொருள்கள் கழன்று வரும் மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்வதால், அது துணியின் வெள்ளைப் பகுதியில் போய் ஒட்டாது. அச்சிடச் சேர்த்த கோந்தையும் சாணம் இளக்கிவிடும். பூப்போட்ட துணியில் பூ கூர்மையாகவும் தரை வெள்ளையாகவும் நிற்பதற்குக் காரணம் இது.

சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் உலகமெங்கும் போன காலத்தில் சாணம் அந்தத் தொழிலின் அன்றாடப் பொருள். ஆந்திரத்தின் கலம்காரியில் இன்றும் துணியைச் சாணத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வெளுக்கிறார்கள். குஜராத்தின் கச்சுப் பகுதியில் அஜ்ரக் என்னும் அச்சுத்துணி செய்வோர் ஒட்டகச் சாணத்தை ஆமணக்கெண்ணெயோடும் காரத்தோடும் பிசைந்து துணிக்கு ஏற்றுகிறார்கள். ஐரோப்பிய அச்சுத்துணி ஆலைகளும் 19ஆம் நூற்றாண்டில் சோடியம் பொஸ்பேற்று போன்ற மாற்றுகள் வரும்வரை தொட்டி தொட்டியாய்ச் சாணத்தையே நம்பியிருந்தன. நமக்கும் இதில் பங்குண்டு: சோழமண்டலத் துணிகளின் சிவப்புக்கு வேண்டிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்டது, ஒல்லாந்தர் அதைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள்.

கணக்கை எல்லாம் 1 கிலோ காய்ந்த துணிக்குச் சொல்கிறேன். 1 மீற்றர் அகலமுள்ள நடுத்தரக் கனத்துக் கைத்தறித் துணி என்றால் அது சுமார் 7 மீற்றர்.

துணியைச் சாயமிடாத, வெளுக்காத பருத்தியாக நெசவாளரிடமே வாங்குங்கள். மருதமுனையில் கைத்தறி இன்னும் உயிரோடிருக்கிறது. கண்டி மாவட்டத்தில் உடதும்பறைப் பக்கம் தலகுனே கிராமத்தில் தும்பறை நெசவு நடக்கிறது. கடைத்துணியை மலிவாக வாங்கிச் செய்தால் நெசவுக்காரருக்குப் போக வேண்டிய காசு போகாது. பொலியெஸ்டர் கலந்திருந்தால் இந்த முறை பலிக்கவும் பலிக்காது. ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி உருண்டு கட்டியாகும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், குறைந்தது 40 லீற்றர். இரும்புப் பீப்பாயில் செய்தால் மஞ்சளும் சிவப்பும் சாம்பல் பூத்துப்போகும். அலுமினிய அண்டாவைச் சோடாத் தூள், அதாவது சலவைச் சோடா, அரிக்கும். 100 பாகை வரை காட்டும் வெப்பமானி, சமையலறைத் தராசு, தோள்பட்டைவரை வராவிட்டாலும் முழங்கைவரை வரும் இறப்பர் கையுறை, இவை மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

தண்ணீரை ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். பீலித் தண்ணீரில் தேயிலைச் சாயம் போட்டு ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். நீலம் கலந்த கறுப்பாகிவிட்டால் அதில் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் மஞ்சள், சிவப்பு எதுவும் துலங்காது. மழை பெய்து ஓடை கலங்கியிருக்கும் நாளில் சாய வேலையை நிறுத்திவைப்பது நல்லது. மலைத் தண்ணீர் பொதுவாக மென்னீர், சுண்ணாம்புச் சத்து குறைவு. அழுக்கெடுக்கவும் கழுவவும் அது வசதி. சிவப்புச் சாயத்துக்கு மட்டும் கொஞ்சம் கல்சியம் சேர்க்க வேண்டிவரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை, கஞ்சியும் மெழுகும் போக அவிப்பது. 20 லீற்றர் தண்ணீரில் 40 கிராம் சோடாத் தூளும் 20 கிராம் சாதாரண சவர்க்காரத் துருவலும் கரைத்து, துணியை அமிழ்த்தி இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அதனால் அவ்வளவு உயரத்தில் இந்த இரண்டு மணி நேரத்தை இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அலசிக் காயவைத்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது முத்துப்போல் நிற்காமல் உடனே உறிஞ்சப்பட வேண்டும். நின்றால் மறுபடி அவியுங்கள். பின்னால் வருகிற திட்டுத்திட்டான சாயத்துக்குப் பெரும்பாலும் காரணம் இந்த இடத்தில் காட்டிய அவசரம்தான்.

அடுத்தது வெளுப்பு. 20 லீற்றர் தண்ணீரில் 2 கிலோ புதுச்சாணத்தைக் கரைத்து, பழைய சாக்கில் வடித்து, துணியை இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் கல்லில் தப்பி அலசி, புல்தரையில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். சாணத்தின் இளங்காரமும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் இழையிலுள்ள பழுப்பை இளக்க, வெயிலும் ஈரமும் சேர்ந்து அதைப் போக்கிவிடும். மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தால் பால்வெள்ளை வராது; மோர் நிறத்துக்கு வரும். செடிச்சாயத்துக்கு அது போதும். பிளீச்சிங் பவுடர் போட்டால் ஒரு மணி நேரத்தில் வெளுக்கும். மிச்சக் குளோரின் முழுமையாகப் போகாவிட்டால் சாயத்தையும் இழையையும் கெடுக்கும்.

பிறகு கடுக்காய். அதன் துவர்ப்புச் சத்து உலோக உப்பை இழையில் பிடித்துவைக்க உதவும். ஆயுர்வேத மருந்துக்கடைகளில் கிடைக்கும். கொட்டை நீக்கிய தோல் தூள் 200 கிராமை 10 லீற்றர் சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியை இரண்டு மணி நேரம் அதில் புரட்டி, பிழிந்து, அலசாமல் நிழலில் காயவையுங்கள். துணி இளமஞ்சளாகும். தேயிலையிலும் துவர்ப்புச் சத்து உண்டுதான், ஆனால் அது துணியைப் பழுப்பாக்கிவிடும். வெளிர் தரை வேண்டுமானால் கடுக்காயே சரி. பழுப்பு, கறுப்பு வேலைக்குத் தேயிலையைப் பயன்படுத்தலாம். அதற்குக் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலோ கண்டீனிலோ மிஞ்சும் தேநீர்ச் சக்கை போதும். பெக்டரிக் கழிவுத் தேயிலையை மூட்டையாக வாங்குவதானால், அதை வாங்கி விற்கத் தேயிலைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது படிகாரம். முழுத்துணிக்கும் ஒரே நிறம் போடுவதானால் 150 கிராம் படிகாரத்தையும் 150 கிராம் சோடியம் அசற்றேற்றையும் தனித்தனியே சுடுநீரில் கரைத்துக் கலந்து, 10 லீற்றராக்கி, கைபொறுக்கும் சூட்டில் துணியை இரவு முழுக்க ஊறவையுங்கள். இரண்டும் சேர்ந்து அலுமினியம் அசற்றேற்று ஆகிறது. வெறும் படிகாரத்தைவிடப் பருத்தி இதை நன்றாக ஏற்றுக்கொள்ளும். பூப்போடுவதானால் 1 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் படிகாரம், 100 கிராம் சோடியம் அசற்றேற்று, கெட்டியாக்க 15 கிராம் குவார் கோந்து, அதாவது கொத்தவரை விதைப் பசைத்தூள். கோந்தைக் கடைசியில், சல்லடையால் தூவிக்கொண்டே அடித்துக் கலக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி விழும், அச்சில் கட்டி பட்ட இடம் வெள்ளைப் புள்ளியாகும். கரைசல் நிறமற்றது, அச்சிட்ட இடம் தெரியாது. அதற்காக ஒரு கரண்டி தேநீர்ச் சாயம் சேர்த்துக்கொள்ளலாம், பின்னால் கழுவிப்போகும்.

கறுப்புக் கோட்டுக்கு: 10 லீற்றர் பிளாஸ்டிக் வாளியில் ஒரு கிலோ மலிவான சக்கரையைக் கரைத்து, இரண்டு கிலோ துருப்பிடித்த இரும்பைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி மூன்று வாரம் விடுங்கள். தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, ஆணி, பழைய தகரத்தண்டு எதுவும் ஆகும். நாகம் பூசிய தகரம் ஆகாது. நுரைத்துப் புளித்து அடங்கிய பிறகு, கடுக்காய் ஏற்றிய துணித்துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உடனே கறுத்தால் தயார். சாம்பலாகவே நின்றால் இன்னும் ஒரு வாரம். இரும்பு அதிகமானால் சில வருடங்களில் அந்த இடத்தில் துணி இற்றுப்போகும். ஆகவே கோட்டுக்கும் புள்ளிக்கும் மட்டும் பயன்படுத்துங்கள், தரை முழுக்கக் கறுப்பு வேண்டாம்.

அச்சிட்ட துணியை உடனே குளியலுக்குக் கொண்டுபோகக்கூடாது. இரண்டு மூன்று நாள் காற்றாட, மழைச்சாரல் படாமல் தொங்கட்டும். அசற்றிக் அமிலம் ஆவியாகி, அலுமினியம் இழையில் இறுகும் காலம் அது. துணியை முகர்ந்தால் வினாகிரி மணம் வரும். அந்த மணம் அநேகமாக அடங்கிய பிறகே அடுத்த வேலை. மூடுபனி நாட்களில் இது ஐந்து நாள்கூட எடுக்கும். அடுப்படியின் மேல் பரணில் தொங்கவிட்டால் புகைக்கரி படியும், வேண்டாம்.

சாணக் குளியல்

சாணம் அன்றைக்குக் காலையில் போட்டதாக இருக்கட்டும். முதல்நாள் சாணம் புளித்திருக்கும், நாற்றமும் கூடும். புல் தின்னும் மாட்டின் சாணமே நல்லது. புண்ணாக்கும் தீவனமும் அதிகம் தின்னும் கறவை மாடு இளக்கமாகப் போடும் சாணத்தைத் தவிர்க்கலாம். பூச்சிமருந்தோ ஊசிமருந்தோ கொடுத்து ஒரு வாரமாகாத மாட்டின் சாணத்தையும், மூத்திரத்தில் ஊறிக்கிடக்கும் சாணத்தையும் எடுக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கால்நடை மூத்திரத்திலிருந்தும் மனிதருக்குத் தொற்றும். கையில் கொழுந்து கிழித்த கீறல் உள்ளவர்களுக்குக் கையுறை கட்டாயம்.

30 லீற்றர் தண்ணீருக்கு 1½ கிலோ சாணம். கரைத்து இரண்டு முறை வடியுங்கள். வைக்கோல் துணுக்கு ஒட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அதோடு 30 கிராம் சுண்ணக்கட்டிப் பொடி, அதாவது கல்சியம் காபனேற்று. நன்றாகக் கழுவி, உள்தோல் நீக்கி, வறுத்து, மாவாக இடித்த முட்டைக்கோதும் அதேதான். வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் போட்டுவிடாதீர்கள்; அதன் கடுங்காரம் அலுமினியத்தையே கரைத்து எடுத்துவிடும், மூன்று நாள் உழைப்பு தண்ணீரோடு போகும்.

சூடு 60 பாகை. 50க்குக் கீழே கோந்து இளகாது. 75ஐத் தாண்டவும் விட வேண்டாம். துணியை உள்ளே விடும் விதத்தில்தான் கைப்பழக்கம் தெரியும். முறுக்கியோ மடித்தோ போடக்கூடாது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் கம்பைப் பிடித்து, முழு அகலத்துக்கும் விரித்தபடி, நிற்காமல் உள்ளே இறக்க வேண்டும். முதல் அரை நிமிடத்தில்தான் மிச்ச உப்பு கழன்று ஓடும். அந்த நேரத்தில் ஒரு மடிப்பு இன்னொரு மடிப்பில் ஒட்டிக் கிடந்தால், பூவின் நிழல் பக்கத்துத் தரையில் பதிந்துவிடும். அந்தக் கறை இப்போது கண்ணுக்குத் தெரியாது. சாயத்தொட்டியிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு பூவுக்கும் வால் முளைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு திருத்த வழியில்லை. ஆகவே முதல் ஐந்து நிமிடம் கம்பை ஏற்றி இறக்கிக்கொண்டே இருங்கள், பிறகு பத்து நிமிடம் அவ்வப்போது புரட்டினால் போதும்.

எடுத்து ஓடும் தண்ணீரில், கோந்தின் வழவழப்பு விரலில் தட்டாத வரைக்கும் கழுவுங்கள். அதன்பின் 750 கிராம் சாணத்தில் புதிதாக இன்னொரு குளியல், அதே சூட்டில் பதினைந்து நிமிடம். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் முழுநிறத் துணியில் பெரிய குறை தெரியாது, பூத்துணியில் தரை அழுக்காகும். முதல் குளியல் தண்ணீரில் இரண்டு கிலோ துணிக்கு மேல் போட வேண்டாம்.

சாயத்துக்குச் சிவப்பென்றால் மஞ்சிட்டி வேர், மருந்துக்கடையில் கிடைக்கும். அரைக் கிலோ வேரை இடித்து இரவு ஊறவைத்து, 25 லீற்றர் தண்ணீரில் போட்டு, பச்சைத் தண்ணீரிலேயே துணியை இறக்கி, ஒரு மணி நேரத்தில் மெல்ல 70 பாகைக்கு ஏற்றி, இன்னும் ஒரு மணி நேரம் அதே சூட்டில் வையுங்கள். மென்னீர் பற்றிச் சொன்னது இங்கேதான்: கல்சியம் இல்லாவிட்டால் இந்தச் சிவப்பு செங்கல் மங்கலாகவே நிற்கும். லீற்றருக்கு 1 கிராம் சுண்ணக்கட்டிப் பொடி சேர்த்தால் துலங்கும். மஞ்சளுக்கு பலாமரத் தூள், பிக்குகளின் காவிக்கு வழிவழியாகப் பயன்பட்டது. தச்சுப்பட்டறையில் கிடைக்கும். துணியின் எடைக்குச் சமமான தூளைப் பையில் கட்டி ஒரு மணி நேரம் அவித்து, அந்தச் சாற்றில் 80 பாகையில் ஒரு மணி நேரம். கோயில் மாலைகளில் வாடி விழும் செண்டுப்பூவும் நல்ல மஞ்சள் தரும். சமையல் மஞ்சளைத் தொடாதீர்கள். பார்க்க அழகு, வெயிலில் சில நாளில் ஓடிவிடும், வாங்கினவர் திரும்பி வரமாட்டார்.

சாயத்திலிருந்து வரும் பூத்துணியின் தரையில் இளஞ்சிவப்பு படிந்திருக்கும். அது குறையல்ல. 20 லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் 1 கிலோ சாணம் கரைத்து இரவு ஊறவைத்து, அலசி, மறுபடி புல்லில் விரித்துத் தண்ணீர் தெளித்தால், உப்புப் பிடித்த பூ அப்படியே நிற்க, தரை வெளுத்து வரும். கடைசியாகச் சவர்க்காரத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிநிலையை ஒட்டி அவித்து எடுங்கள். சிவப்பு தெளியும், சாண மணம் போகும், கிருமியும் சாகும். அதற்குப் பிறகும் மணம் இருந்தால் அலசியது போதவில்லை என்று அர்த்தம். வாசனைத் திரவியம் தெளித்து மறைக்காமல் இன்னொரு முறை அவியுங்கள்.

விற்பதற்கு முன் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டை வெட்டிவைத்துச் சோதியுங்கள். வெள்ளைத் துணியால் உலர்வாகவும் ஈரமாகவும் தேய்த்துப் பார்க்க வேண்டும். சவர்க்காரத்தில் ஐந்து முறை கழுவிப் பார்க்க வேண்டும். அரைவாசியை மட்டையால் மூடி இரண்டு வாரம் வெயில் ஜன்னலில் வைக்க வேண்டும். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நிறம் வெகுவாக மாறினால் அந்தச் சாயத்தைச் சேலைக்குப் போடாதீர்கள்.

ஓடைச் சாணமும் மிச்சத் தண்ணீரும்

மேலே சொன்னதைக் கூட்டினால் 1 கிலோ துணிக்குச் சுமார் 5 கிலோ சாணம் செலவாகும். பன்னிரண்டு மாடுகள், மாடொன்றுக்கு நாளைக்கு 12 கிலோ என்று குறைவாகவே வைத்தாலும், வாரத்துக்கு ஆயிரம் கிலோ. ஒரு சிறு குழு வாரத்தில் 8 கிலோ துணி முடித்தால் அதுவே பெரிய காரியம், அதற்கு 40 கிலோ சாணம் போதும். மிச்சம் 960 கிலோ அப்படியே கிடக்கும். எனவே இந்தத் தொழில் ஓடையைக் காப்பாற்றும் என்று யாரிடமும் சொல்லி விற்காதீர்கள். ஓடையைக் காப்பாற்ற வேண்டியது பட்டிக்குப் பின்னால் சிமெந்துத் தளமும் எருக்குழியும், முடிந்தால் சாணவாயுக் கலனும். 2021இல் இரசாயன உரத் தடை வந்தபோது மரக்கறித் தோட்டக்காரர்கள் எருவைத் தேடி அலைந்தது நினைவிருக்கும். எருவுக்கு மலையில் எப்போதும் கேள்வி உண்டு.

சாணவாயு இந்தத் தொழிலோடு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் செலவில் பெரிய பங்கு விறகு. 20 லீற்றரைக் கொதிக்கவைத்து இரண்டு மணி நேரம் பிடிக்க ஒரு கனமீற்றர் வாயுவுக்கு மேல் தேவைப்படும். வெப்பமான பசறை, பதுளைப் பக்கம் 30 கிலோ சாணத்தில் அதை எடுத்துவிடலாம். நுவரெலியாக் குளிரில் அதே சாணம் மிகக் குறைவாகவே தரும். அங்கே கலனை நிலத்துக்குள் புதைத்து, மேலே வைக்கோல் மூடி, சுடுநீரில் சாணம் கரைத்து ஊற்ற வேண்டிவரும். வாயு எடுத்த பிறகும் கழிவு எருவாகவே மிஞ்சும்.

சாணத் தண்ணீரைப் புல் வளர்க்கும் வரம்பில் ஊற்றலாம். படிகாரத் தண்ணீரையும் இரும்புத் தண்ணீரையும் வேறு வாளியில் சேர்த்து, சுண்ணக்கட்டிப் பொடி போட்டு நுரை அடங்கும்வரை கலக்கி, அடியில் தங்கும் சேற்றைத் தனிக்குழியில் மூடுங்கள். லீக்ஸ், கரட் பாத்தியில் ஊற்ற வேண்டாம். தேயிலைச் செடி அலுமினியத்தைத் தாங்கும், மரக்கறிப் பயிர் புளித்த மண்ணில் அதைத் தாங்காது. நம் ஓடைகள் மகாவலிக்கும் களனிக்கும் போகின்றன. கீழே குடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை பெருகினால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையா என்று பிரதேச சபையில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகை போடுவதற்குத் தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் வேண்டும்.

வடித்த சாண நார் வீணாக வேண்டாம். கேகாலைப் பக்கம் யானைச் சாணத்தில் காகிதம் செய்கிறார்கள். யானை தின்றதில் பாதியளவும் செரிக்காமல் நீண்ட நாராக வெளியே வருவதால் அது எளிது. மாடு அசைபோட்டு அரைத்துவிடும், நார் குட்டை, தனியாகக் காகிதமாகாது. நாரை நன்றாக அலசி, உலர்ந்த எடையில் பத்திலொரு பங்கு சோடாத் தூளோடு மூன்று மணி நேரம் அவித்து, அதே எடைக்குப் பருத்தி வெட்டுத்துணியோ பழைய கடதாசியோ சேர்த்து இடித்து, சட்டகத்தில் வார்த்தால், துணிக்குத் தொங்கவிடும் அட்டைக்கு ஏற்ற தாள் கிடைக்கும். இதைத் தனித் தொழிலாக நம்ப வேண்டாம். துணியோடு போகிற அட்டையாக இருந்தால் போதும்.

விலையும் பங்கும்

பெண்கள் குழுக்களில் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். துணி, கடுக்காய், சாயம், விறகு எல்லாவற்றின் விலையையும் எழுதி, தங்கள் நேரத்தை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு தொகுதிக்கும் யார் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள், புல்லில் தண்ணீர் தெளித்த அரைமணியும் சேர்த்து. கொழுந்துச் சம்பளத்தை எட்டு மணியால் வகுத்து வரும் தொகைக்குக் குறையாமல் மணிக்கூலி வையுங்கள். அச்சிடுகிறவருக்கும் குளியலில் துணி இறக்குகிறவருக்கும் கூடுதலாக வையுங்கள், தொகுதி தேறுவதும் கெடுவதும் அவர்கள் கையில். சாணத்துக்கும் விலை போடுங்கள். மரக்கறிக்காரர் ஒரு மூட்டைக்கு என்ன தருகிறாரோ அதே கணக்கில் மாட்டுக்காரப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டி, பத்துக்கு ஒன்று கெட்டுப்போகும் என்று சேர்த்த பிறகு வருவதுதான் அடக்கவிலை. வாங்க வருபவர் அதற்குக் கீழே கேட்டால், மீற்றரைக் குறைத்து கைக்குட்டை, தலையணை உறை, சால்வை என்று சிறு பொருளாக்குங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். அரசின் கைப்பணிப் பொருள் கடையான லக்சல போன்ற இடங்களில் கடனுக்கு வைப்பதானால் காசு எப்போது வரும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிந்துகொள்வதும் உதவும்.

அட்டையில் "சாணத் துணி" என்று எழுதாதீர்கள், இது பருத்தித் துணி. பருத்தி நூலும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது, ஆகவே "முழுக்க உள்ளூர்" என்றும் எழுத முடியாது. "கைத்தறிப் பருத்தி, மஞ்சிட்டிச் சாயம், சாணக் குளியலில் நிறம் நிறுத்தியது" என்று மூன்று மொழியிலும் எழுதி, நெய்த ஊரையும் சாயமிட்ட தோட்டத்தையும் போடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட மாதங்களில் வெளுப்பும் அச்சும் வையுங்கள். ஊவாப் பக்கம், பண்டாரவளை, பதுளையில் அதற்கான காலம் ஜூலை முதல் செப்டெம்பர். நல்ல தேயிலைக்குப் பேர்போன மாதங்களே இரண்டு பக்கமும் துணிக்கும் ஏற்றவை. மழை மாதங்களில் அட்டை வார்ப்பது, இரும்புக் காடி புளிக்க வைப்பது, தையல் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். முதல் பருவத்தில் கால் மீற்றர்த் துண்டுகளில் மட்டும் செய்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அளவையும் சூட்டையும் அழியாத மையால் குறித்து வைத்தால், அடுத்த பருவத்தில் 7 மீற்றரை நம்பி இறக்கலாம்.